டவர் சொல்லும் சாட்சி

"சம்பவ நேரத்தில் எதிரியின் செல்போன் அதே டவரில் இருந்தது." குற்றப்பத்திரிகைகளில் அடிக்கடி கண்ணில் படும் வரி. டவருக்கு ஆளைத் தெரியாது, சிம்மைத்தான் தெரியும். போனை வீட்டில் வைத்துவிட்டுப் போனவரும், தம்பியிடம் கொடுத்தனுப்பியவரும் அதன் கணக்கில் ஒன்றுதான்.

*

நாடாளுமன்றத் தாக்குதல் வழக்கில் (2005) அழைப்புப் பதிவுகளைச் சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவு கேட்கும் சான்றிதழ் இல்லாமலே உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. 2014-இல் அன்வர் வழக்கு அதைப் புரட்டிப்போட்டது. அது கேரளத்துத் தேர்தல் வழக்கு; தகராறு பிரச்சாரப் பாட்டு சிடிக்களைப் பற்றியது. டவர் பதிவுகளின் தலையெழுத்தும் அங்கேயே எழுதப்பட்டது: 65பி சான்றிதழ் இல்லையென்றால் நகல் செல்லாது. 2018-இல் சற்றுத் தளர்ந்த பிடி, 2020-இல் அர்ஜுன் பண்டிட்ராவ் தீர்ப்பில் மறுபடி இறுகியது.

*

1.7.2024 முதல் 65பி போய், பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63ஆம் பிரிவு. சான்றிதழ்ப் படிவத்தில் இப்போது ஹாஷ் மதிப்பும் எழுத வேண்டும். நிபுணர் கையெழுத்தும் வேண்டும். நல்லதுதான். ஆனால் கோப்பில் யாரும் கை வைக்கவில்லை என்பதற்குத்தான் ஹாஷ் உறுதி தரும். எதிரி அங்கே நின்றார் என்பதற்கு அல்ல.

*

டென்மார்க், 2019. செல்போன் நிறுவனங்கள் தந்த தகவலைக் காவல்துறை மென்பொருள் மாற்றிக் கொடுத்ததில் பிழை. சில விவரங்கள் விடுபட்டிருந்தன. சுமார் 10,700 வழக்குகளைத் திரும்பப் பார்க்க வேண்டியதாயிற்று. செல்போன் இருப்பிடத் தகவலை நீதிமன்றத்தில் பயன்படுத்துவதையே இரண்டு மாதம் நிறுத்தி வைத்தார்கள். நம் சான்றிதழ் அங்கே இருந்திருந்தாலும் தடுத்திருக்குமா? சந்தேகம்தான்.

*

செல்போன் நிறுவனத்தின் நோடல் அதிகாரி கூண்டேறினால், "சான்றிதழ் எங்கே?" என்ற கேள்வியோடு நின்றுவிடும் குறுக்கு விசாரணைதான் அதிகம். அந்த டவரின் வீச்சு எத்தனை கிலோமீட்டர்? எந்தத் திசை ஆன்டெனா? கூட்ட நெரிசலில் அழைப்பு பக்கத்து டவருக்குத் தாவுமா? நகரத்தில் சில நூறு மீட்டர், கிராமத்தில் பல கிலோமீட்டர். ஒரே டவருக்குள் கொலை நடந்த தோட்டமும் வரும், எதிரியின் வீடும் வரும். அப்படியானால் அந்தப் பதிவு எதை நிரூபித்தது?

*

இதே பதிவு எதிரியைக் காப்பாற்றவும் கூடும். "நான் அன்று ஊரிலேயே இல்லை" என்பவருக்கு அதைவிடப் பெரிய துணை ஏது? நிறுவனங்கள் பதிவுகளைக் குறைந்தது இரண்டு ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பதுதான் உரிம நிபந்தனை, அதன்பின் அழித்துவிடலாம். நம் விசாரணைகளோ அதற்குள் தொடங்குவதே அரிது. ஆகவே இளம் வக்கீல்களே, சாட்சி விசாரணை வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். பதிவைப் பத்திரப்படுத்தக் கோரும் மனுவை ஜாமீன் மனுவோடு சேர்த்தே போடுங்கள்.