கதவை எப்படி உடைப்பது

'மெடல் ஆஃப் ஹானர்: வார்ஃபைட்டர்' விளையாட்டில் சில மூடிய கதவுகளின் முன்னால் போய் நின்றால் திரையில் ஒரு பட்டியல் வரும். காலால் உதைத்துத் திறக்கலாம், வெடி வைக்கலாம், டோமஹாக் கோடாரியால் பிளக்கலாம். எல்லா வழிகளும் முதலிலேயே கிடைத்துவிடாது. கதவு உடைந்ததும் காலம் மெதுவாக ஓடும், உள்ளே இருப்பவர்கள் திகைத்து நிற்பார்கள், அந்த நொடிகளில் எத்தனை பேரைத் தலையில் சுடுகிறீர்கள் என்று விளையாட்டு கணக்கு வைக்கும். கணக்கு ஏற ஏற புதுப்புதுக் கருவிகள் திறக்கும். அதாவது நிறைய தலைகளைச் சுட்டால் பரிசு, அடுத்த கதவை வேறு மாதிரி உடைக்கலாம். எதனால் உடைத்தாலும் உள்ளே நடப்பது ஒன்றுதான். அதே மெதுவான நொடிகள், அதே திகைத்த முகங்கள்.

முதல் தடவை இதைப் பார்த்தபோது சிரித்துவிட்டேன். நிஜமான வீரர்களின் அனுபவத்தில் இருந்து எழுதப்பட்டது என்று மாதக்கணக்கில் விளம்பரம் செய்யப்பட்ட விளையாட்டு இது.

2012 அக்டோபர் 23 அன்று வெளியானது. விமர்சகர்கள் பலருக்கு வெளியீட்டு நாள் நெருங்கும்வரை பிரதியே கைக்கு வரவில்லை. வந்த பிறகு எழுதியவர்கள் தாளித்துவிட்டார்கள். மெட்டாக்ரிட்டிக் தளத்தில் நூற்றுக்கு ஐம்பது சொச்சம். இரண்டு வருடம் முன்பு, 2010இல் வந்த 'மெடல் ஆஃப் ஹானர்' எழுபதுகளில் இருந்தது. அதையே சுமார் என்றுதான் சொன்னார்கள். மூன்றே மாதத்தில், 2013 ஜனவரியில், இந்தத் தொடருக்கு ஓய்வு என்று இ.ஏ. நிறுவனம் அறிவித்தது. உருவாக்கிய டேஞ்சர் க்ளோஸ் ஸ்டுடியோ அந்தப் பெயரில் தொடரவில்லை. மிஞ்சிய அணி டைஸ் எல்.ஏ. ஆனது.

இப்படி எத்தனையோ தொடர்கள் செத்திருக்கின்றன. ஆனால் இது செத்த இடம் அது பிறந்த வீடு. டேஞ்சர் க்ளோஸின் பழைய பெயர் இ.ஏ. லாஸ் ஏஞ்சல்ஸ். அதற்கு முந்தைய பெயர் ட்ரீம்வொர்க்ஸ் இன்டராக்டிவ். 'சேவிங் பிரைவேட் ரயன்' எடுத்த ஸ்டீவன் ஸ்பீல்பெர்க், இரண்டாம் உலகப்போர் பற்றி அடுத்த தலைமுறைக்குச் சொல்ல ஒரு விளையாட்டு வேண்டும் என்று விரும்ப, 1999இல் முதல் 'மெடல் ஆஃப் ஹானர்' அங்கேதான் உருவானது. அந்தப் படத்துக்கு ராணுவ ஆலோசகராக இருந்த முன்னாள் மரீன் கேப்டன் டேல் டை இங்கேயும் ஆலோசகர். மெடல் ஆஃப் ஹானர் என்பது அமெரிக்காவின் உச்ச ராணுவ விருது. அதை வாங்கியவர்களின் சங்கத்துக்கு அப்போது தலைவராக இருந்தவர் வியட்நாமில் போரிட்ட பால் புக்கா. எங்கள் விருதின் பெயரை வைத்து விளையாட்டா என்று அவர் முதலில் எதிர்த்தார். உருவாக்கியவர்கள் அவரிடம் போய்ப் பேசி, செய்வதைக் காட்டி, சம்மதிக்க வைத்தார்கள். போரைப் பொம்மை ஆக்குகிறோமே என்கிற கூச்சம் அன்றைக்கு அந்த அறையில் கொஞ்சமாவது இருந்தது என்று நினைத்துக்கொள்வேன்.

நான் இந்தத் தொடருக்குள் வந்தது 'அலைடு அஸால்ட்' வழியாக. 2002இல் வந்த விளையாட்டு, எங்கள் இன்ஜினியரிங் ஹாஸ்டலுக்கு ஐந்தாறு வருடம் தாமதமாக, யாரோ ஒரு சீனியரின் ஹார்ட் டிஸ்கில் வந்தது. அதில் ஓமஹா கடற்கரைக் கட்டம் ஒன்று உண்டு. படகின் கதவு இறங்கியதும் பக்கத்தில் இருப்பவர்கள் விழுவார்கள். நம் கையில் துப்பாக்கி இருந்தாலும் அந்தத் தூரத்துக்கு அது உதவாது. ஒரு இரும்புத் தடுப்பில் இருந்து அடுத்த தடுப்புக்கு ஓடலாம், அவ்ளோதான். பத்துப் பன்னிரண்டு தடவை செத்த பிறகு என் அறைத் தோழன், "இதுல ஜெயிக்கிறதுக்கு நம்ம கையில ஒண்ணுமே இல்லடா" என்றான். விளையாட்டில் உதவியற்று நிற்பதை நான் முதலில் உணர்ந்த இடம் அது. மாற்றி மாற்றி விளையாடினோம், மறுநாள் இன்டர்னல் தேர்வு.

'அலைடு அஸால்ட்'டைச் செய்தது துல்சாவில் இருந்த 2015 என்ற சிறிய நிறுவனம். அங்கிருந்து இருபது பேருக்கு மேல் வெளியேறி இன்ஃபினிட்டி வார்டு ஆரம்பித்தார்கள். 2003இல் 'கால் ஆஃப் ட்யூட்டி' வந்தது. 2007இல் அதன் 'மாடர்ன் வார்ஃபேர்' வந்ததும் உலகப்போர் பழங்கதை ஆகி, எல்லாருக்கும் இரவுக் கண்ணாடியும் சைலன்சரும் வேண்டியிருந்தது. 'மெடல் ஆஃப் ஹானர்' 2010இல் ஆஃப்கானிஸ்தானுக்குப் போனது இந்த அவசரத்தில்தான். அப்பன் மகனைப் பார்த்து நடை பழகிய கதை.

'வார்ஃபைட்டர்' பற்றி விமர்சகர்கள் சொன்னவை பெரும்பாலும் நியாயம். பழைய பாணி, முன்னால் ஓடும் சக வீரன் கதவைத் திறக்கும்வரை பின்னால் காத்திருக்க வேண்டும், எதிரிகள் பெட்டிக்குப் பின்னால் இருந்து தலையை நீட்டித் தாங்களே சுடப்படுவார்கள், கதை கராச்சி, சோமாலியா, பிலிப்பைன்ஸ், துபாய் என்று தாவுவதில் யார் யாரை எதற்குத் துரத்துகிறார்கள் என்பதே நினைவில் நிற்காது. சும்மா சொல்லக்கூடாது, கார் ஓட்டும் கட்டங்கள் நன்றாக இருந்தன. துபாயில் துரத்துபவர்களின் கண்ணில் படாமல் காரை ஒதுக்கி நிறுத்தி ஒளிய வேண்டிய இடம் ஒன்று உண்டு. துப்பாக்கி விளையாட்டில் என் நெஞ்சு அடித்துக்கொண்டது சுடாமல் இருந்த அந்தக் கட்டத்தில்தான்.

துபாய் என்றதும் இன்னொன்று. அதே 2012 ஜூனில் பெர்லினின் யாகர் நிறுவனம் செய்த 'ஸ்பெக் ஆப்ஸ்: தி லைன்' வந்தது. அதிலும் துபாய், மணலில் புதைந்த துபாய். பார்க்க இன்னொரு ராணுவ விளையாட்டு மாதிரியே இருக்கும். வெள்ளைப் பாஸ்பரஸ் குண்டுகளை நாமே வீசிவிட்டு, எரிந்து கிடப்பவர்கள் நடுவே நடந்துபோகும்போதுதான் அவர்களில் பொதுமக்களும் உண்டு என்று தெரியும். அதுவும் எதிர்பார்த்தபடி விற்கவில்லை. ஆனால் பத்து வருடம் கழித்தும் அதைப் பற்றிப் பேச ஆள் இருக்கிறது. 'வார்ஃபைட்டர்' என்றால், "ஓ, அந்தக் கதவு விளையாட்டா?" என்கிறார்கள்.

பிழைகள் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது என் தொழில். வெளியான அன்றே ஒரு பெரிய பேட்ச் இறக்க வேண்டியிருந்தது. குறுந்தட்டு அச்சுக்குப் போவதற்கும் கடைக்கு வருவதற்கும் நடுவில் சில வாரங்கள் இருக்கும். அந்த வாரங்களில் அணி தூங்காமல் திருத்தியவைதான் முதல் நாள் பேட்ச். விமர்சகர்கள் இதைச் சோம்பல் என்று வாசித்தார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 2010 விளையாட்டில் தனிநபர்ப் பகுதி அன்ரியல் எஞ்சினில் இருந்தது, பலர் சேர்ந்து ஆடும் பகுதியை ஸ்வீடனின் டைஸ் நிறுவனம் தன் ஃப்ராஸ்ட்பைட்டில் தனியாகச் செய்து கொடுத்தது. இந்தத் தடவை இரண்டையும் ஒரே அணி, தங்களுக்குப் புதிதான ஃப்ராஸ்ட்பைட் 2இல், இரண்டே வருடத்தில் செய்ய வேண்டும். நவம்பரில் 'ஹேலோ 4'உம் 'பிளாக் ஆப்ஸ் 2'உம் வருகின்றன, ஆகவே அக்டோபரைத் தாண்ட முடியாது. எஞ்சினை மாற்று, வேலையை இரட்டிப்பாக்கு, தேதியைத் தொடாதே. இந்த மூன்றும் ஒரே எக்செல் தாளில் வரும் கூட்டங்களில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். அப்படிப்பட்ட தாளில் கடைசி வரியாக எப்போதும் டெஸ்டிங் இருக்கும், எப்போதும் அதுதான் சுருங்கும்.

ஆனால் பிழை இல்லாமல் வந்திருந்தாலும் இது நல்ல விளையாட்டாக இருந்திருக்குமா? இருந்திருக்காது என்றே நினைக்கிறேன். விமர்சனங்கள் அதிகம் தொடாத இடம் இதுதான்.

விளையாட்டின் மொத்த விளம்பரமும் ஒரு சொல்லின் மேல் நின்றது: நிஜம். பணியில் இருக்கும், ஓய்வு பெற்ற சிறப்புப் படையினரே கதையை எழுத உதவினார்கள் என்றார்கள். அது உண்மையும்கூட. வெளியான சில நாட்களில், 2012 நவம்பரில், சீல் டீம் சிக்ஸைச் சேர்ந்த பணியில் இருந்த ஏழு பேர், அனுமதியில்லாமல் இந்த விளையாட்டுக்கு ஆலோசனை சொன்னதற்காகத் தண்டிக்கப்பட்டார்கள். இரண்டு மாதம் பாதிச் சம்பளம் பிடித்தம், கூடவே கண்டனக் கடிதம். அவர்கள் வெளியே சொன்ன ரகசியம் என்னவாக இருக்கும் என்று விளையாட்டு முழுக்கத் தேடினேன். துப்பாக்கியைப் பிடிக்கும் விதம், ரேடியோவில் பேசும் சங்கேதம், கருவிகளின் பெயர்கள். இவ்வளவுதான் கண்ணில் பட்டது. ஏழு பேரின் பதவியில் கறை படிந்தது, நமக்குக் கிடைத்தது அந்தக் கதவுப் பட்டியல்.

துப்பாக்கிகளும் நிஜப் பெயர்களோடு வந்தன. அவற்றைச் செய்யும் நிறுவனங்களின் தளங்களுக்கு விளையாட்டின் இணையதளத்தில் இருந்தே இணைப்பு கொடுத்திருந்தார்கள். கண்டனம் எழுந்த பிறகு 2012 ஆகஸ்டில் எடுத்துவிட்டார்கள். துப்பாக்கியில் இவ்வளவு அக்கறை காட்டியவர்கள் கராச்சியை எப்படிக் காட்டினார்கள்? தொடக்கக் காட்சியே அங்கேதான், துறைமுகத்தில் வெடி. அப்புறம் அந்த நகரத் தெருக்களில் ஒரு கார்த் துரத்தல். கோடிக்கும் மேல் மனிதர்கள் வாழும் நகரம் சுடப்படுவதற்கும் மோதப்படுவதற்குமான செட். 2013 ஜனவரியில் பாகிஸ்தானின் குறுந்தட்டு வணிகர் சங்கம் இதையும் 'பிளாக் ஆப்ஸ் 2'ஐயும் விற்க வேண்டாம் என்று தன் கடைக்காரர்களிடம் சொன்னது, நாட்டைத் தவறாகக் காட்டுவதாக. தடைகள் எனக்கு உவப்பானவை அல்ல. ஆனால் 'வார்ஃபைட்டர்' பற்றி நான் வாசித்த எந்தப் புள்ளிக் கணக்கிலும் இந்தப் புகார் அரைப் புள்ளியாகக்கூட இடம்பெறவில்லை என்பது உறுத்துகிறது. அமெரிக்க விமர்சகருக்கு அந்தக் கட்டத்தில் பட்ட குறை, கார் திரும்பும் விதம்.

தோல்விக்குப் பின் இ.ஏ.வின் பீட்டர் மூர் முதலீட்டாளர்களிடம் விளக்கம் கொடுத்தார். விளையாட்டு உறுதியானது, ஆனால் போரின் நிஜத்தன்மை மீதான கவனம் வாடிக்கையாளர்களிடம் எடுபடவில்லை, விமர்சகர்கள் தகுதிக்குக் குறைவான மதிப்பெண் தந்துவிட்டார்கள் என்கிற பொருளில். அதாவது நாங்கள் நிஜத்தைக் கொடுத்தோம், உங்களுக்குத்தான் தாங்கவில்லை.

நம் இலக்கியச் சண்டைகளை வாசித்தவர்களுக்கு இது புதிதல்ல. அனுபவித்தவர் எழுதினால் அதுவே உண்மை, விமர்சிக்க நீ யார் என்கிற வாதம். அனுபவம் தானாக உண்மை ஆகிவிடாது. ஷோபாசக்தி இயக்கத்தில் இருந்தவர். அவருடைய 'கொரில்லா'வை நான் வாசித்து வருடங்கள் ஆகின்றன, அதில் வரும் ஆயுதம் ஒன்றின் பெயரும் எனக்கு நினைவில்லை. பயமும் அபத்தமும் நக்கலும் நினைவிருக்கின்றன. அந்த ஏழு பேரிடமும் பயம் இருந்திருக்கும், பயந்ததைப் பற்றிய வெட்கம் இருந்திருக்கும். எங்கே கால் நடுங்கியது என்று அவர்களிடம் யாராவது கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள்? விளையாட்டில் இருப்பதை வைத்துப் பார்த்தால், கதவை எப்படி உடைப்பீர்கள் என்றுதான் கேட்டிருக்கிறார்கள்.

கேட்க முயன்றதன் தடம் இல்லாமல் இல்லை. நாயகன் ப்ரீச்சருக்கு லீனா என்று மனைவி, பெல்லா என்று மகள். அவன் வீட்டில் இல்லாததால் உடையும் கல்யாணம். நடுநடுவே காட்சித் துண்டுகளாக வரும். பொம்மை முகங்களைப் பலர் கிண்டல் செய்தார்கள், வசனமும் டிவி சீரியல் ரகம். ஆனாலும் யாரோ ஒருவர் தன் வீட்டுக் கதையைச் சொல்லப் பார்த்திருக்கிறார் என்று அந்தக் காட்சிகளில் தோன்றும். பிரச்சினை, அவற்றில் நமக்கு வேலை எதுவும் இல்லை. மனைவியிடம் பேசும்போது விளையாட்டு நம் கையில் இருந்து கட்டுப்பாட்டை வாங்கிக்கொள்ளும், கதவு வந்ததும் திருப்பித் தரும். கடைசியில் நண்பன் மதரின் இறுதிச் சடங்கு. மறைந்த வீரர்களுக்கு அஞ்சலி. அந்த இடத்தில் என்னால் கிண்டல் செய்ய முடியவில்லை, அழவும் முடியவில்லை. ப்ரொஃபைலைத் திறந்து பார்த்தால் அங்கே ஒரு எண்ணிக்கை இருந்தது.

எட்டு வருடம் கழித்து, 2020 டிசம்பரில், தொடர் ஒருமுறை எழுந்தது. 'அபவ் அண்ட் பியாண்ட்', வி.ஆர். கண்ணாடி மாட்டி ஆடுவது, மறுபடி இரண்டாம் உலகப்போர். செய்தது ரெஸ்பான். இன்ஃபினிட்டி வார்டின் நிறுவனர்களில் இருவர் தொடங்கிய நிறுவனம், ஆக ஓடிப்போன மகன் வீட்டுக்கு வந்த மாதிரி. இயக்கியவர் பீட்டர் ஹிர்ஷ்மன், 1999இல் முதல் விளையாட்டைத் தயாரித்த அதே ஆள். இதற்கும் சுமாரான மதிப்பெண்தான்.

ஆனால் அதற்குள் ஒரு காட்சியகம் வைத்திருந்தார்கள். நிஜமாகப் போரில் இருந்தவர்களைப் பற்றிய குறும்படங்கள். அதில் ஒன்று 'கொலெட்'. இயக்கியவர் ஆன்டனி ஜியாகினோ, முதல் விளையாட்டுக்கு இசையமைத்த மைக்கேல் ஜியாகினோவின் தம்பி. 2021இல் சிறந்த குறும் ஆவணப்படத்துக்கான ஆஸ்கர் அதற்குக் கிடைத்தது. தொண்ணூறு வயதைக் கடந்த கொலெட் மரின்-கேத்தரின், சிறுமியாக இருந்தபோது பிரெஞ்சு எதிர்ப்பு இயக்கத்தில் வேலை செய்தவர். அண்ணன் ழான்-பியேர் நாஜிகளிடம் பிடிபட்டு ஜெர்மனியின் மிட்டல்பாவ்-டோரா முகாமில் இறந்தார். ஜெர்மனியில் கால் வைப்பதில்லை என்று எழுபது வருடத்துக்கு மேல் இருந்தவர், வரலாறு படிக்கும் ஒரு பெண்ணின் துணையோடு முதல்முறை அங்கே போகிறார். இருபத்தைந்து நிமிடம் சொச்சம். யாரும் எதையும் சுடுவதில்லை. அந்த அம்மா போகலாமா வேண்டாமா என்று தயங்குவதையே கேமரா நிறைய நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறது. படம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, விளையாட்டை வாங்க வேண்டியதில்லை.