சும்மா கிடைக்கும் சேஸிஸ்

நாமக்கல் ரோட்டில் நீங்கள் பார்த்திருப்பீர்கள். கேபின் இருக்காது, கதவு இருக்காது. எஞ்சின், சக்கரம், பின்னால் நீளமாய் இரண்டு இரும்புச் சட்டம். முன்னால் ஒரு பலகையில் டிரைவர் உட்கார்ந்து, முகத்தைச் சுற்றித் துண்டைக் கட்டிக்கொண்டு புழுதியைத் தின்றபடி வருவார். புது லாரியின் சேஸிஸ். கம்பெனி தருவது அவ்வளவுதான். அதில் முட்டை ஏற்றுவதா, தீவனம் ஏற்றுவதா, திருச்செங்கோட்டுக்காரர்கள் போர்வெல் ரிக்கைத் தூக்கி வைக்கப் போகிறார்களா என்பதைப் பொறுத்து, பட்டறையில் பாடி கட்டுவார்கள்.

இதை மனதில் வைத்துக்கொண்டால் 'கோட் எடிட்டர்' என்கிற சமாசாரம் பாதி புரிந்த மாதிரி.

பி.காம். படித்தவனுக்கு இங்கே என்ன வேலை என்பீர்கள். ராசிபுரத்தில் ஒன்றுவிட்ட அக்காவின் மகள் ஒருத்தி. அவளும் பி.காம்.தான். வெப்சைட் செய்யக் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டு ஒரு பயிற்சி நிலையத்தில் விசாரித்திருக்கிறாள். ஃபீஸ் போக, 16 ஜி.பி. ராமோடு புது லேப்டாப் கட்டாயமாம். எடிட்டரையும் மற்றதையும் 'செட்டப்' செய்து கொடுக்கத் தனியாக 3,000 ரூபாயாம். அப்பா போர்வெல் வண்டி டிரைவர். வருஷத்தில் பாதி நாள் சத்தீஸ்கரிலோ மத்தியப் பிரதேசத்திலோ இருப்பார். மகள் கேட்கிறாளே என்று 60,000 ரூபாய்க்கு ஃபைனான்ஸில் பேசியும் வைத்துவிட்டார். வீட்டில் ஏற்கெனவே ஒரு லேப்டாப் இருக்கிறது. அண்ணன் பிளஸ் டூ படித்தபோது அரசாங்கம் கொடுத்தது. 4 ஜி.பி. ராம்.

"மாமா, இந்தப் பழசுல எடிட்டர் ஓடுங்களா? எதைப் போடறதுங்க?"

கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் கேட்டாளே, அதுவே பெரிய விஷயம்.

ஒரு வெப் பக்கம் என்பது வெறும் எழுத்து. விண்டோஸோடு சும்மா வரும் நோட்பேடில் அடித்தால்கூடப் போதும். வேர்டில் மட்டும் அடிக்கக் கூடாது. நம்ம பத்திரிகை ஆட்களுக்குப் பிடித்த வளைந்த மேற்கோள் குறியை வேர்டு தானாகப் போட்டுவிடும். நேரான குறியை எதிர்பார்க்கும் ப்ரௌசர் அங்கேயே முறைத்துக்கொள்ளும். அப்புறம் எடிட்டர் எதற்கு? தப்பைக் காட்டிக் கொடுக்க. திறந்த ஒவ்வொரு அடைப்புக்குறிக்கும் மூடுகிற குறி ஒன்று வேண்டும். டெபிட் இருந்தால் கிரெடிட் இருக்க வேண்டும், அதே கதை. நல்ல எடிட்டர் ஜோடி ஜோடியாகக் கலர் போட்டுக் காட்டும். ட்ரையல் பேலன்ஸ் டேலி ஆகாமல் ராத்திரி இரண்டு மணி வரை விழித்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

எதைப் போடுவது? இந்தத் தொழிலில் இதை வைத்துப் பெரிய ஜாதிச் சண்டையே உண்டு. விம் என்று ஒன்று, 1991-ல் ப்ராம் மூலெனார் என்கிற டச்சுக்காரர் வெளியிட்டது. காசு வேண்டாம், முடிந்தால் உகாண்டாவின் ஏழைக் குழந்தைகளுக்கு உதவுங்கள் என்று சொல்லிக் கொடுத்தார். 2023-ல் காலமானார். மனுஷர் தங்கம். ஆனால் புதிதாக உள்ளே போனவர்களுக்கு வெளியே வரத் தெரியாது. 'விம்மிலிருந்து வெளியேறுவது எப்படி' என்று ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் ஒருவர் கேட்ட கேள்வியை 2017-க்குள் பத்து லட்சம் தடவை பார்த்துவிட்டார்கள். முதல் நாளே அந்தக் கூட்டத்தில் இவள் எதற்கு?

நோட்பேட் ப்ளஸ் ப்ளஸ் இலேசானது, இலவசம், எலும்பும் தோலுமான கம்ப்யூட்டரிலும் ஓடும். 2 ஜி.பி. ராம்தான் என்றால் யோசிக்காமல் அதைப் போடுங்கள். அவளிடம் இருப்பது 4. அதனால் விஷுவல் ஸ்டுடியோ கோட், சுருக்கமாக விஎஸ் கோட். 2015-ல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்டது. 2024-ல் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ எடுத்த சர்வேயில் நூற்றுக்கு 70 பேருக்கு மேல் இதைத்தான் பயன்படுத்துவதாகச் சொன்னார்கள். பைசா கிடையாது. 1 ஜி.பி. ராம் இருந்தால் போதும் என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை; உள்ளுக்குள் இது ஒரு முழு ப்ரௌசர். ஆனால் 4-ல் தாராளமாய் ஓடுகிறது, பக்கத்தில் குரோமில் முப்பது டேப் திறக்காமல் இருந்தால்.

சும்மா கிடைப்பதில் என்ன கணக்கு என்று காமர்ஸ் மூளை கேட்காமல் இருக்குமா? ஆட்டம் என்றொரு எடிட்டர் இருந்தது. கிட்ஹப் கம்பெனி 2014-ல் கொண்டுவந்தது. அதற்காக அவர்கள் செய்த அஸ்திவாரத்துக்குப் பின்னாளில் எலெக்ட்ரான் என்று பெயர். அதே அஸ்திவாரத்தின் மேல்தான் மைக்ரோசாஃப்ட் விஎஸ் கோடைக் கட்டியது. 2018-ல் கிட்ஹப்பையே வாங்கிப் போட்டது. 2022 டிசம்பரில் ஆட்டத்தை மூடிவிட்டார்கள். இடத்தைக் கொடுத்தவன் தெருவில், குடிவந்தவன் மாடியில்! நல்லவேளை, ஆட்டத்தில் எழுதியவர்களின் ஃபைல் ஒன்றும் போகவில்லை. வெறும் எழுத்துதானே, வேறு எதிலும் திறக்கும். நாளைக்கு விஎஸ் கோடுக்கே அந்தக் கதி வந்தாலும் அவள் எழுதியது அவளுடையது. நாம் பயன்படுத்தும் விவரம் மைக்ரோசாஃப்டுக்குப் போவது பிடிக்காவிட்டால் செட்டிங்ஸில் டெலிமெட்ரியை நிறுத்தலாம். அதுவும் போதாது என்பவர்களுக்கு, அதே மூலத்திலிருந்து டெலிமெட்ரியை எடுத்துவிட்டுத் தன்னார்வலர்கள் தரும் விஎஸ்கோடியம் இருக்கிறது.

இனி பாடி கட்டுவது. இங்கேதான் முக்கால்வாசிப் பேர் கோட்டை விடுகிறார்கள். எக்ஸ்டென்ஷன் என்று ஆயிரக்கணக்கில் கிடைக்கிறது. ஒரு வீடியோவைப் பார்த்து முப்பதை ஏற்றினால், குஞ்சம், சீரியல் லைட்டு, எட்டு ஹாரன் எல்லாம் மாட்டிய லாரி மாதிரி வண்டி மூச்சு வாங்கும். அவளுக்கு இரண்டே இரண்டு. லைவ் சர்வர்: இங்கே சேவ் ஆனால் அங்கே ப்ரௌசரில் பக்கம் தானாக மாறும். ப்ரெட்டியர்: தாறுமாறாக அடித்ததை வரிசையாக அடுக்கி வைக்கும். எம்மெட் என்பது கூடவே வருகிறது. எச்டிஎம்எல் ஃபைலில் ஓர் ஆச்சரியக்குறி போட்டு டேப் கீயைத் தட்டினால் பக்கத்தின் எலும்புக்கூடு முழுக்க வந்து நிற்கும். ஃபைல் மெனுவில் ஆட்டோ சேவ், வியூ மெனுவில் வேர்டு ரேப், இரண்டுக்கும் டிக். வலது ஓரத்தில் எறும்பு ஊர்வது போலத் தெரியும் மினிமேப்புக்கு விடுமுறை. தீர்ந்தது. டவுன்லோட் நேரத்தைத் தள்ளினால் கால் மணி. 3,000 ரூபாய் வேலை இதுதான்.

நிஜமான சிக்கல் தமிழில் வந்தது. முதல் வேலையாக, அப்பாவின் சிநேகிதர் நாமக்கல்லில் வைத்திருக்கும் பாடி பட்டறைக்கு ஒரு பக்கம் செய்தாள். நோட்டீஸுக்காக டிடிபி கடையில் அடித்து வைத்திருந்த வாசகத்தை அப்படியே எடிட்டரில் ஒட்டினால், தமிழ் மாயம். கண்டபடிக்கு இங்கிலீஷ் எழுத்து. பழைய ஃபாண்ட்டுகளின் சாகசம் அது. ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ்ப் படத்தை வைத்திருப்பார்கள். எடிட்டர் படத்தை மதிக்காது, எழுத்தை மட்டும் பார்க்கும். தமிழ்நாடு அரசு 2010-லேயே யூனிகோடை ஏற்றுக்கொண்டது. டிடிபி கடைக்குத் தகவல் போகவில்லை போலிருக்கிறது. கன்வெர்ட்டர் ஒன்றில் போட்டு யூனிகோடாக மாற்றச் சொன்னேன். விஎஸ் கோடில் கீழே வலது மூலையில் யுடிஎஃப்-8 என்று இருக்கிறதா என்றும் பார்க்கச் சொன்னேன். இருந்தால் தமிழுக்கு அங்கே ஆபத்தில்லை.

இன்னொன்று. தமிழ்99-ல் அடிப்பவரா நீங்கள்? அரைப்புள்ளி இருக்கும் கீயில் 'ந', சதுர அடைப்புக்குறிகளின் கீயில் 'ச', 'ஞ'. மூன்றும் புரோகிராம் எழுதுகிறவனுக்கு நிமிஷத்துக்கு ஒரு முறை தேவை. கீபோர்டை ஆங்கிலத்துக்கு மாற்ற மறந்தால் வரிக் கடைசியில் 'ந' வந்து உட்காரும். எடிட்டர் சிவப்புக் கோடு போடும், காரணம் சொல்லாது. அவள் மானிட்டரில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறாள்: 'ந வந்தால் கீபோர்டைப் பார்'.

ஃபைனான்ஸ் வேண்டாமென்று சொல்லியாகிவிட்டது. பயிற்சிக்குப் போவதா, வீட்டிலேயே படிப்பதா என்பது இன்னும் பேச்சில் இருக்கிறது. பட்டறைப் பக்கம் போன வாரம் தயார். ராய்ப்பூர் பக்கத்திலிருந்து அவள் அப்பா எனக்கு போன் செய்தார்.

"மாப்ள, செல்லுல பாத்தேன். எழுத்தெல்லாம் தமிழ்ல தெளிவா வருது. போன் நம்பர்ல மட்டும் ஒரு எண் கொறையுது, புள்ளகிட்டச் சொல்லிருங்க."