பின்மூடிக்குள் ஒரு வரலாறு

லட்சக்கணக்கில் விலைபோகும் சுவிஸ் கடிகாரங்களை வாங்கிப் பூட்டி வைத்திருக்கும் வாட்ச் பிரியர்களிடம், ‘முதன்முதலாக ஒரு நல்ல வாட்ச் வாங்கணும், எதை வாங்கலாம்?’ என்று ஒரு கல்லூரி மாணவன் கேட்டால், வரும் பதில் ஆச்சரியமாக இருக்கும். ஜப்பானின் ‘சீகோ 5’ என்பார்கள். கேஸியோவின் ‘எஃப்-91டபிள்யூ’ என்பார்கள். கொஞ்சம் விவரம் தெரிந்தவர் என்றால், ‘பழைய ஹெச்.எம்.டி ஜனதா ஒண்ணு கிடைக்குதா பாரு’ என்று குரலைத் தாழ்த்திச் சொல்வார்.

மூன்றுமே சாமானியர்களின் கைக்காகச் செய்யப்பட்டவை. 1963-ல் வந்த சீகோ 5-ன் பெயரில் உள்ள ஐந்து, ஐந்து வாக்குறுதிகளைக் குறிக்கிறது. சாவி கொடுக்காமலே கை அசைவில் ஓடும். கிழமையும் தேதியும் ஒரே சின்ன ஜன்னலில் தெரியும். தண்ணீர் பட்டால் கெடாது. சாவித் திருகு நான்கு மணி அருகே உள்வாங்கி இருக்கும். கூடும் பட்டையும் உறுதியாக இருக்கும். 1989-ல் வந்த அந்தக் கறுப்பு பிளாஸ்டிக் கேஸியோவின் எடை வெறும் 21 கிராம். ஒரு பேட்டரி ஏழு வருடம் தாங்கும். மாதத்துக்கு அரை நிமிடத்துக்குமேல் பிசகாது. லட்ச ரூபாய் மெக்கானிக்கல் கடிகாரம் பலவற்றால் இந்தத் துல்லியத்தைத் தொட முடியாது.

ஆனால் ஜனதாவின் கதை வேறு. அது கடையில் வாங்கிய பொருள் என்பதைவிட, பல வீடுகளில் ஒரு குடும்ப உறுப்பினர்.

1953-ல் தொடங்கப்பட்ட ஹிந்துஸ்தான் மெஷின் டூல்ஸ் நிறுவனத்தின் முதல் வேலை, இயந்திரங்களைச் செய்யும் இயந்திரங்களைச் செய்வதுதான். கடிகாரம் பிறகு வந்தது. ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு கைகோத்து, 1961-ல் பெங்களூரில் கைக்கடிகாரத் தொழிற்சாலை தொடங்கியது. முதல் கடிகாரங்களை வெளியிட்டவர் பிரதமர் நேரு. அதுவரை இங்கே கையில் வாட்ச் கட்டியவர்கள் பெரும்பாலும் இறக்குமதியான வெளிநாட்டுக் கடிகாரங்களையே நம்பியிருந்தார்கள். ஜனதா, பைலட், சோனா, கோஹினூர், ஜவான், காஞ்சன் என்று வரிசையாக வந்த பெயர்கள், ஒரு தலைமுறைக்கு மனப்பாடம். பரீட்சையில் பாஸ் செய்த பையனுக்கு ஹெச்.எம்.டி. மாப்பிள்ளைச் சீரில் மோதிரத்தோடு ஹெச்.எம்.டி. ஓய்வு பெறுகிறவருக்கு மாலையோடு ஹெச்.எம்.டி. பார்வையற்றவர்கள் விரலால் தொட்டு மணி பார்க்கும் பிரெய்ல் கடிகாரத்தையும் அதே நிறுவனம் செய்தது.

திருச்சியில் பள்ளி ஆசிரியையாக இருக்கும் ஒருவரின் வீட்டு ஜனதா, 1976-ல் போனஸ் பணத்தில் வந்தது. வாங்கியவர் அவருடைய அப்பா, பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டர். காலையில் குளித்துவிட்டு, ரேடியோவில் செய்தி தொடங்கும் நேரத்துக்கு முள்ளைச் சரிபார்த்து, நின்றபடியே சாவி கொடுப்பார். அதுவரை வீட்டில் யாரும் அவரிடம் பேச மாட்டார்கள். மணிக்கட்டு மெலிந்தவர் என்பதால், எந்த வார் வாங்கினாலும் ஆணியைச் சுட வைத்து இன்னொரு துளை போட்டுக்கொள்வார்.

கடைசிக் காலத்தில் கண் மங்கிவிட்டது. அப்போதே கடிகாரமும் நின்றுவிட்டது. அப்பா போன பிறகு பீரோவை ஒழித்தபோது, பழைய மூக்குக்கண்ணாடிப் பெட்டிக்குள் அது கிடைத்தது. டயலில் நான்கு மணி ஓரம் பழுப்பாகக் கறை. கண்ணாடி முழுக்கக் கீறல். பின்மூடி விளிம்பில் வியர்வையின் உப்பு. வேறு பெரிய சொத்து எதுவும் அந்த வீட்டில் இல்லை. சென்னையில் இருக்கும் தம்பியிடம் ஆசிரியை போனில் சொன்னபோது, “முந்நூறு ரூபாகூடத் தேறாதுக்கா. நீயே வெச்சுக்கோ” என்றான். அவன் கையில் ஸ்மார்ட் வாட்ச்.

முதலில் போன கடையில், இளைஞர் ஒருவர் கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு உடனே தீர்வு சொன்னார். “டயல் போயிடுச்சு மேடம். புது டயல், புது முள், புதுக் கூடு எல்லாம் வரும். போட்டுட்டா அப்படியே மாப்பிள்ளை மாதிரி ஆயிடும். ஆரஞ்சு, பச்சை, நீலம், எந்த கலர் வேணும்?”

அவர் தவறாக எதுவும் சொல்லிவிடவில்லை. இன்று பழைய ஹெச்.எம்.டி-க்கு ஒரு சந்தையே இருக்கிறது. அதில் பெரும்பகுதி நடப்பது இப்படித்தான். ஐந்தாறு செத்த கடிகாரங்களிலிருந்து உறுப்புகளை எடுத்து ஒன்று சேர்த்து, டயலுக்குப் புதிதாக வண்ணம் அடித்து, பளபளவென்று விற்கிறார்கள். தொழிற்சாலை ஒருநாளும் செய்திராத நிறங்களில்கூட ‘அபூர்வ மாடல்’ கிடைக்கும். வாட்ச் பிரியர்கள் இதற்கு ‘மும்பை ஸ்பெஷல்’ என்று பட்டப்பெயரே வைத்திருக்கிறார்கள். விலை குறைவு, பார்க்க அழகு, மணியும் காட்டும். ஆனால் அது எந்த ஆலையிலும் பிறந்ததல்ல; யாருடைய கையிலும் வளர்ந்ததும் அல்ல.

ஆசிரியை எந்த நிறத்தையும் தேர்ந்தெடுக்காமல், “யோசிச்சிட்டு வரேன் தம்பி” என்று கடிகாரத்தை வாங்கிக்கொண்டார்.

இரண்டாவதாகப் போனது ஒரு மாடிப்படியின் அடியில் இருந்த கடை. கடை என்பதைவிட, கண்ணாடி போட்ட ஒரு மேசை. எழுபதைத் தாண்டிய பெரியவர் ஒருவர் ஒற்றைக் கண்ணில் லென்ஸைப் பொருத்திக்கொண்டு பார்த்தார். சாவியைத் திருகவே இல்லை. “எத்தனை வருஷமா ஓடலம்மா?” என்று கேட்டார். பதினைந்து வருடத்துக்குமேல் இருக்கும் என்றார் ஆசிரியை. “அப்ப எண்ணெய் காஞ்சு போயிருக்கும். காஞ்ச மெஷினை ஓட விட்டா பல்லு தேஞ்சிடும். மொதல்ல கழட்டிக் கழுவணும்.”

டயலை மாற்ற வேண்டுமா என்று இவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். பெரியவர் லென்ஸைக் கழற்றவில்லை. “கறை டயல்லதான் இருக்கு. மெஷின்ல இல்ல.”

ஜனதாவின் டயலில் ‘17 ஜுவல்ஸ்’ என்று இருப்பதைப் பார்த்து, உள்ளே பதினேழு வைரக்கல் இருப்பதாக நம்பிய பிள்ளைகள் அந்தக் காலத்தில் நிறைய. கல் இருப்பது உண்மை. ஆனால் அவை செயற்கை மாணிக்கங்கள். விற்றால் காசு கிடைக்காது. சக்கரங்களின் அச்சுமுனை உலோகத்தில் உரசித் தேயாமல், வழவழப்பான கல்லில் சுழல வேண்டும் என்பதற்காகப் பதிக்கப்பட்டவை. சாவி கொடுக்கும்போது ஒரு சுருள்வில் இறுகுகிறது. அது மெல்ல விரியும் விசைதான் சக்கரங்களைத் தள்ளுகிறது. அந்த விசை ஒரே மூச்சில் ஓடிவிடாமல், முன்னும் பின்னும் ஆடும் ஒரு சின்னச் சக்கரம் விநாடிக்கு ஐந்து முறை பிடித்துப் பிடித்து விடுகிறது. காதில் வைத்தால் கேட்கும் டிக் டிக் அதுதான். முழுதாகச் சாவி கொடுத்தால் ஒன்றரை நாள் தாராளமாக ஓடும்.

பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் கடிகாரத்தில், அந்த ஆடும் சக்கரத்தின் வேலையை ஒரு ஸ்படிகத் துண்டு செய்கிறது. விநாடிக்கு 32,768 அதிர்வுகள். துல்லியத்தில் ஜனதாவால் அதோடு போட்டியிட முடியாது. பழைய ஜனதா ஒரு நாளைக்கு அரை நிமிடம் முன்பின்னாக ஓடினால், அதை நல்ல ஓட்டம் என்றே சொல்வார்கள்.

ஹெச்.எம்.டி-யை வீழ்த்தியதில் அந்த ஸ்படிகத்துக்கும் பங்கு உண்டு. 1984-ல் டாடாவும் தமிழ்நாடு அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமும் சேர்ந்து டைட்டனைத் தொடங்கின. பெங்களூருக்குப் பக்கத்திலேயே, ஓசூரில் ஆலை எழுந்தது. மெல்லிய, அழகான, சாவி கொடுக்கத் தேவையில்லாத குவார்ட்ஸ் கடிகாரங்கள் கண்ணாடி ஷோரூம்களில் வந்து நின்றபோது, அரசுத் தொழிற்சாலையால் அந்த வேகத்துக்கு மாற முடியவில்லை. கடன் ஏறியது. 2016 ஜனவரியில் ஹெச்.எம்.டி வாட்சஸ் நிறுவனத்தை மூட மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. தும்கூரில் கடிகார ஆலை இருந்த நிலம் இஸ்ரோவுக்குப் போனது. பெங்களூர் ஜாலஹள்ளியில் இப்போது ஹெச்.எம்.டி-க்கு ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது.

செய்த ஆலை இல்லை. செய்த பொருள் ஓடிக்கொண்டிருக்கிறது. காரணம் எளிது. ஜனதாவைத் திருகாணி கழற்றிப் பிரிக்கலாம், கழுவலாம், மறுபடி மாட்டலாம். ஒரு சக்கரம் போனால், செத்த இன்னொரு ஜனதாவிலிருந்து எடுத்துப் போடலாம். லட்சக்கணக்கில் அதே மெஷினைச் செய்ததால், உறுப்புக்குப் பஞ்சம் இல்லை. விலை மலிவாக இருக்க வேண்டும் என்று எளிமையாகச் செய்தார்கள். எளிமையாக இருந்ததால் ஆயுள் நீண்டது. வாட்ச் பிரியர்கள் அதைக் கொண்டாடுவது பழைய பாசத்தால் மட்டும் அல்ல.

ஒரு வாரம் கழித்து ஆசிரியை போனபோது, கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடி மட்டும் புதிது. டயலின் கறை அப்படியே. பெரியவர் பின்மூடியை இன்னும் மாட்டவில்லை. லென்ஸை நீட்டி, “உள்பக்கம் பாரும்மா” என்றார்.

பளபளப்பான உலோகத்தில், ஊசியால் கீறியதுபோலச் சின்னச் சின்ன எழுத்துகள். கடிகாரத்தைப் பிரிக்கும் ஒவ்வொரு பழுதுபார்ப்பவரும் மூடியின் உட்புறத்தில் தன் அடையாளத்தையும் தேதியையும் கீறி வைப்பது இந்தத் தொழிலில் உலகம் முழுக்க உள்ள பழக்கம். அடுத்துப் பிரிக்கிறவருக்கு அது ஒரு தகவல். 78 என்று ஒன்று. 81. 84. அடுத்தது 93. பிறகு 96, 2000, 2003, 2006. கடைசியாக, இன்னும் ஈரம் காயாததுபோல மின்னிக்கொண்டு, பெரியவர் அன்று கீறியது.

“மூணு நாலு வருஷத்துக்கு ஒருக்கா தவறாமக் கொடுத்திருக்காரு. நடுவுல மட்டும் ஒம்பது வருஷம் பாக்கவே இல்ல. ஏதோ கஷ்டம்போல” என்றார் அவர், யாரையோ பற்றிச் சொல்வதுபோல.

84-ல் ஆசிரியை ஏழாம் வகுப்பு. 93-ல் அவருடைய படிப்பு முடிந்தது. தம்பிக்குப் பாலிடெக்னிக் கட்டணம் கட்டியதும் அதற்குள்தான். அந்த ஒன்பது வருடமும் காலையில் அப்பா சாவி கொடுத்ததை அவர் பார்த்திருக்கிறார். எண்ணெய் காய்ந்த கடிகாரம் தினமும் பின்தங்கியிருக்கும். தினமும் செய்தி நேரத்துக்கு முள்ளைத் திருத்தியிருப்பார். ரேடியோ முன்னால் அவ்வளவு நேரம் நின்றது எதற்காக என்று அப்போது யாருக்கும் தெரியாது.

கூட்டை மாற்றியிருந்தால், இந்த மூடி குப்பைக்குப் போயிருக்கும்.

பெரியவர் கேட்டது நானூற்றைம்பது ரூபாய். ஒரு வாரத்தில் எத்தனை மணி நேரம் அதற்குக் குனிந்திருப்பார் என்று ஆசிரியை கணக்குப் போட்டுப் பார்த்தார். கூடக் கொடுத்ததை அவர் வாங்கவில்லை. பிள்ளைகள் யாரும் இந்தத் தொழிலுக்கு வரவில்லை என்று மட்டும் சொன்னார். பழைய கடிகாரங்களைப் பற்றி ஆசையாகப் பேசுகிறவர்கள் யோசிக்க வேண்டிய இடம் இது. ஜனதாவுக்கு உறுப்பு கிடைக்கும்; வாங்க ஆளும் உண்டு. கழற்றி மாட்டத் தெரிந்த கைகள்தான் குறைந்துகொண்டே வருகின்றன. அந்தக் கைகளும் நின்றுவிட்டால், மீதி இருப்பவை மும்பை ஸ்பெஷலும் அருங்காட்சியகமும்தான்.

ஆசிரியை அந்த மூடியைப் படம் எடுத்துத் தம்பிக்கு அனுப்பினார். விளக்கம் எதுவும் எழுதவில்லை. ஆண்டுகள் தெரியும்படி எடுத்திருந்தார், அவ்வளவுதான். இரவு பதில் வந்தது. “ரிப்பேருக்கு எவ்ளோ ஆச்சுக்கா? பாதி நான் தரேன்.” அடுத்த பொங்கலுக்கு வந்தவன் ஸ்மார்ட் வாட்சைக் கழற்றிவிட்டு ஜனதாவைக் கட்டிப் பார்த்தான். அப்பா போட்ட துளையில் அவனுக்கு வார் எட்டவில்லை. கடையில் போட்டிருந்த துளையில் மாட்டிக்கொண்டான்.

இப்படி ஒரு கடிகாரம் பல வீடுகளின் பீரோவில் தூங்கிக்கொண்டிருக்கும். எடுத்த வேகத்தில் சாவியைத் திருக வேண்டாம். டயலை மாற்றச் சொல்லவும் வேண்டாம். தெரிந்த கை ஒன்றைத் தேடிப்பிடித்து, முதலில் கழற்றிக் கழுவி எண்ணெய் போட்டு வாங்குங்கள். புதிதாக வாங்க நினைப்பவர்கள், டயலின் பளபளப்பைப் பார்க்காமல் மூடியைத் திறந்து மெஷினைக் காட்டச் சொல்லுங்கள். உள்ளே ஹெச்.எம்.டி என்ற முத்திரை தெளிவாக இருக்க வேண்டும். சாவி கொடுக்கும்போது, திருகு போதும் என்று தடுக்கும் இடத்தில் நிறுத்திவிடுங்கள். தண்ணீரில் கை வைக்கும் முன் கழற்றிவிடுங்கள்.

அப்பாவின் கடிகாரம், தாத்தாவின் கடிகாரம் என்றால் இன்னொரு வேலையும் உண்டு. பழுதுபார்ப்பவர் மூடியைத் திரும்ப மாட்டுவதற்கு முன், அதன் உட்புறத்தை ஒருமுறை கேட்டு வாங்கிப் பாருங்கள்.