பிரித்து விட இடமில்லாத ஆடைகள்

ராஜீவ் காந்தி சாலை வழியே நாவலூரைக் கடந்து செல்கிறவர்கள் கண்ணாடிக் கட்டடங்களையும் அடுக்குமாடிக் குடியிருப்புகளையும் பார்த்துக்கொண்டே போய்விடுகிறார்களேயன்றி, அவற்றின் பின்புறச் சந்துகளில் ஒரு தையல் மெஷின், ஓர் ஓவர்லாக் மெஷின், ஓர் இஸ்திரிப் பெட்டி இவற்றையே மூலதனமாகக் கொண்டு ஜீவனம் செய்யும் ஆல்டரேஷன் டெய்லர்களைக் கவனிப்பதில்லை. புதுத்துணி தைப்பவருக்குள்ள கௌரவம் இவர்களுக்கு இல்லை. ஆயினும் துணி குப்பையாகாமல் காப்பதில் இவர்களைவிடப் பெரிய உபகாரம் செய்கிறவர்கள் இப்பிரதேசத்தில் இல்லை என்பது என் அபிப்பிராயம்.

நான் போயிருந்த அத்தகைய கடை ஒன்றின் உரிமையாளர், 1984-இல் தொடங்கப்பட்ட தாம்பரம் மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்தில், ஆயத்த ஆடைக் கம்பெனி ஒன்றில் நெடுங்காலம் உழைத்தவர். "நாள் முழுக்கக் காலர் மட்டும்தான் சார். ஒரு முழுச் சட்டை தைச்சேன்னு அங்க ஒரு நாளும் சொல்லிக்க முடியல" என்றார்.

பேசிக்கொண்டிருக்கையில் ஓர் இளம் பெண் ஜீன்ஸ் ஒன்றைக் கொண்டுவந்து, "அண்ணா, தொடைகிட்ட நைஞ்சு போச்சு. சரி பண்ணலாமா, தூக்கிப் போட்டுடவா?" என்று கேட்டாள். "குடும்மா, பார்ப்போம்" என்று வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். ஜீன்ஸில் பாவு நூல் நீலம், ஊடை நூல் வெள்ளை. தேய்கையில் பாவு முதலில் அறுந்துபோவதால் அங்கே வெள்ளை இழைகள் மட்டும் வலைபோல் நின்றன. பிறருடைய பேண்ட்களை உயரம் குறைக்கும்போது வெட்டியெடுத்த துண்டுகளை அவர் ஒரு பையில் சேர்த்து வைத்திருக்கிறார். அதில் நிறம் ஒத்த துண்டொன்றைத் தேடியெடுத்து உட்புறம் வைத்து, மூன்று நூற்கண்டுகளை மாற்றி மாற்றி ஒப்பிட்டு ஒன்றைக் கோத்து, துணியின் சாய்ந்த வரியை அனுசரித்து முன்னும் பின்னுமாக ஓட்டிக்கொண்டே போனார். ஓட்டி முடித்தபின் தழும்பு எங்கே என்று விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. இத்தனை நிபுணத்துவத்துக்கு அவர் கேட்ட கூலி 80 ரூபாய்.

அடுத்து ஒரு குர்த்தியின் உட்புறத்தைத் திருப்பிக் காட்டினார். "இதைப் பிடிச்சுக் கொடுக்கலாம் சார், பிரிச்சு விட முடியாது. உள்ள துணியே விடலையே!" அந்தக் காலத்து ரவிக்கையில் உள்ளே ஓர் அங்குலம் துணி விட்டு, இரண்டு மூன்று தையல்கள் போட்டிருப்பார்கள், உடம்பு பெருக்கப் பெருக்க ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொள்ளலாம். பள்ளிப் பிள்ளைகளின் கால்சட்டை அடியில் ஆழமாக மடிக்கப்பட்டு அவர்களோடு சேர்ந்து வளர்ந்தது. இன்றைய ஆயத்த ஆடைகளைத் தைக்கும் ஓவர்லாக் மெஷினிலோ ஊசியருகே ஒரு கத்தி இருக்கிறது. அது தைத்துக்கொண்டே விளிம்பை நறுக்கிவிடும். லட்சக்கணக்கில் தைக்கிற கம்பெனிக்கு இப்படி மிச்சமாகும் துணி பெரும் லாபம். வாங்குகிறவருக்கோ ஆடையின் ஆயுள் கடையிலேயே நிர்ணயிக்கப்பட்டுவிடுகிறது. மலிவு ஆடையின் முதற்பெரும் தோஷம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

கழிந்த ஆடையை மறுபடி நூலாக்கலாமே என்று கேட்கலாம். திருப்பூரில் பனியன் வெட்டும்போது விழும் கழிவைக்கூட நிறம் நிறமாகப் பிரித்து, பஞ்சாகக் கிழித்து, ஓப்பன் எண்ட் நூற்பு மில்களில் மறுபடி நூலாக்குகிறார்கள். சாயம் முன்பே ஏறியிருப்பதால் மீண்டும் சாயமிட அவசியமில்லை. சாயக்கழிவால் நொய்யல் ஆறு பட்ட பாட்டையும், 2011-இல் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உத்தரவிட நேர்ந்ததையும் அறிந்தவர்களுக்கு இதன் மதிப்பு விளங்கும். ஆனால் நாம் உடுத்திக் கழிப்பவை பெரும்பாலும் பாலியஸ்டரும் பருத்தியும் ஸ்பேண்டெக்ஸும் பிரிக்கவொண்ணாதபடி கலந்தவை; அவற்றை அப்படி நூலாக்குவது சுலபமன்று. அவை கடைசியில் போய்ச் சேருவது குப்பைமேட்டில்தான். நாவலூருக்கு வடக்கே, 2022-இல் ராம்சார் தலமாக அறிவிக்கப்பட்ட பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் விளிம்பில், பெருங்குடிக் குப்பைக்கிடங்கின் பழங்குப்பையை அகழ்ந்து சலிக்கும்போது பிளாஸ்டிக்கோடு கந்தல்களும் வெளிவருகின்றன. எரியக்கூடியவை சிமெண்ட் ஆலைகளின் உலைக்குப் போகின்றன.

ஆதலால் வாசகர்களைக் கேட்டுக்கொள்வது இதுதான்: அடுத்த முறை ஆடை வாங்குகையில் விலைச்சீட்டைப் பார்ப்பதற்கு முன்னால் உட்புறத்தைத் திருப்பி, உள்ளே எவ்வளவு துணி விட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள்; அலமாரியில் பட்டன் அறுந்தும் ஜிப் பழுதாகியும் கிடப்பவற்றை இந்த வாரமே தெருமுனை டெய்லரிடம் கொண்டுபோய், அவர் கேட்கும் கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.