தோபித்து வீட்டு ஆட்டுக்குட்டி

தமிழ்க் கத்தோலிக்கர் வீடுகளில் விவிலியம் இல்லாத வீடு அரிது. அதைத் திறந்து வாசிக்கும் வீட்டைத்தான் கொஞ்சம் தேட வேண்டியிருக்கிறது. புதுநன்மைக்கோ திருமணத்துக்கோ பரிசாக வந்த பிரதி, திரு இருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே, வேளாங்கண்ணி மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் இருக்கும். பூ வைப்பார்கள், மெழுகுதிரி ஏற்றுவார்கள். மரியாதைக்குக் குறைச்சல் இல்லை.

இதில் மக்களை மட்டும் குறை சொல்ல முடியாது. தலைமுறை தலைமுறையாகப் பூசை இலத்தீனில் நடந்தது. வீட்டுச் செபம் என்றால் செபமாலையும் மன்றாட்டுமாலையும்தான். 1965 நவம்பர் 18 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் இறைவெளிப்பாடு பற்றிய ஏட்டை வெளியிட்டு, விவிலியம் எல்லா விசுவாசிகள் கைக்கும் எளிதாக எட்ட வேண்டும் என்றது. தமிழில் பொது மொழிபெயர்ப்பு 1995-இல் வந்தது. 2019-இல் திருத்தந்தை பிரான்சிஸ், பொதுக்காலத்தின் மூன்றாம் ஞாயிறை இறைவார்த்தை ஞாயிறாக அறிவித்தார். புத்தகம் கைக்கு வந்தாயிற்று. அதை வீட்டார் காதில் விழும்படி வாசிப்பது தனி வேலை, பழகினால்தான் வரும்.

அன்பியம் எனப்படும் தெருவாரிச் சிறு கிறிஸ்தவக் குழுக்களின் கூட்டங்களை நடத்தித் தேர்ந்தவர்களிடம் இதற்கு ஒரு முறை உண்டு. தென்னாப்பிரிக்காவின் லும்கோ நிறுவனத்தில் உருவாகி இங்கேயும் பரவிய ஏழு படி முறை அது. ஆண்டவரை அழைப்பது, வாசிப்பது, மனத்தில் தைத்த சொல்லையோ தொடரையோ எடுத்து நிறுத்தி நிதானமாகத் திரும்பச் சொல்வது, மௌனம், பகிர்வு, என்ன செய்யப்போகிறோம் என்ற பேச்சு, நிறைவாகச் செபம். தெருக் கூட்டத்துக்கு ஏழும் சரி. பள்ளிவிட்டு வந்த பிள்ளையும், இரவு வேலைக்குக் கிளம்பும் அப்பாவும் உள்ள வீட்டுக்கு அது தாங்காது. ஒரு பத்தியை வாசித்து, ஆளுக்கொரு சொல்லைத் திரும்பச் சொல்லி, ஒரு சிறு செபத்தோடு எழுந்துவிட்டால் போதும். செபமாலைக்கு முன்னால் வைத்துக்கொள்வது நல்லது. பின்னால் வைத்தால் பாதிப் பேர் தூங்கியிருப்பார்கள்.

வாசிப்பைக் கெடுப்பது பெரும்பாலும் நேரமின்மை அல்ல, வீட்டுப் பெரியவரின் பிரசங்கம். மகன் கணக்கில் கோட்டைவிட்ட அன்று பார்த்து நீதிமொழிகளைப் புரட்டி, சோம்பேறிக்குச் சொன்ன வசனத்தை அழுத்தி வாசிக்கும் அப்பாக்கள் உண்டு. மறுநாள் அந்தப் பையன் செபத்துக்கு வந்து உட்காருவான். காதை மட்டும் வெளியே விட்டுவிட்டு வருவான். அனுபவசாலிகள் இதற்காகவே பகுதியை முன்கூட்டியே முடிவு செய்துவிடுகிறார்கள். சனிக்கிழமை என்றால் மறுநாள் பூசையின் நற்செய்தி. மற்ற நாட்களில் ஒரே நூலை வரிசையாக. அன்றைக்கு என்ன பகுதி வருகிறதோ அதுதான். யாரையும் குறிவைத்து எடுக்க வழியில்லை.

எந்த நூல்? தொடக்கநூலில் உற்சாகமாகத் தொடங்கும் குடும்பங்கள் விடுதலைப் பயணத்தில் கூடாரத்தின் அளவுகள் வரும்போது தளர்ந்து, லேவியரில் நின்றுவிடுவது வழக்கம். முதல் நூலாகத் தோபித்துக்கு ஈடு இல்லை. பதினான்கே அதிகாரம். கத்தோலிக்க விவிலியத்தின் 73 நூல்களில் அதுவும் ஒன்று. 66 நூல்கள் கொண்ட பதிப்பில் கிடைக்காது.

அதன் இரண்டாம் அதிகாரத்தில் ஒரு சண்டை வருகிறது. நினிவேயில் நாடுகடத்தப்பட்டு வாழும் தோபித்து, குருவியின் எச்சம் கண்ணில் விழுந்து பார்வை இழக்கிறார். மனைவி அன்னா நெசவுக் கூலிக்குப் போகிறாள். வேலை கொடுத்தவர்கள் ஒருநாள் கூலியோடு ஓர் ஆட்டுக்குட்டியையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். வீட்டுக்குள் ஆடு கத்துகிறது. தோபித்து நம்பவில்லை, திருட்டு ஆடு, கொண்டுபோய்க் கொடு என்கிறார். கூலிக்கு மேல் அன்பளிப்பாய்த் தந்தது என்று அவள் சொல்லியும் கேட்கவில்லை. அவள் திருப்பிக் கேட்கிறாள்: நீங்கள் செய்த தானதருமம் எல்லாம் என்ன ஆயிற்று?

தானதருமத்துக்குப் பேர்போன மனிதர் இவர், அவளோ சம்பாதித்து வீட்டைக் காப்பவள். இந்த இடத்தை ஆள் பிரித்து வாசிக்க வைப்பார்கள் தெரிந்தவர்கள். மகன் தோபித்தாக, அம்மா அன்னாவாக. அம்மா தன் வரிக்கு வரும்போது குரல் தானாக ஏறும். பிள்ளைகள் சிரிப்பார்கள். அப்பா கூரையைப் பார்ப்பார். விளக்கவுரை எதுவும் தேவைப்படாது. மூன்றாம் அதிகாரத்தில் தோபித்து அழுது, சாவு கேட்டு மன்றாடும்போது அதே வீடு அமைதியாகிவிடும். சண்டையை வாசித்தவர்களுக்கு அந்தச் செபம் எங்கிருந்து வருகிறது என்று தெரியும்.

அடுத்து மகன் தோபியா, கொடுத்து வைத்த வெள்ளியை வாங்க மேதியாவுக்குக் கிளம்புகிறான். பணத்துக்காகப் பிள்ளையை அனுப்புவதா என்று அன்னா அழுகிறாள். அவன் திரும்பத் தாமதமானதும், அவன் போன பாதையைத் தினமும் போய்ப் பார்த்து நிற்கிறாள். யார் ஆறுதல் சொன்னாலும் ஏற்பதில்லை. மகன் துபாயிலோ கப்பலிலோ இருக்கும் குடும்பங்களில் இந்தப் பத்தாம் அதிகாரத்தை அம்மாவிடம் வாசிக்கக் கொடுக்கக்கூடாது, பாதியில் நின்றுவிடும். மகளிடம் கொடுங்கள்.

அதற்கு முன்பே, பயணம் தொடங்கும் ஆறாம் அதிகாரத்தில் பிள்ளைகள் வேறொன்றைப் பிடித்துக்கொள்வார்கள். தோபியாவோடும், மனித உருவில் வந்த இரபேல் தூதரோடும் ஒரு நாயும் போகிறது. பதினோராம் அதிகாரத்தில் திரும்பியும் வருகிறது. யார் வீட்டு நாய், பேர் என்ன, எதற்குப் போனது என்று கேள்வி மேல் கேள்வி வரும். நூலில் பதில் இல்லை. உடனே நாயை விசுவாசத்தின் அடையாளமாக்கி விளக்கம் சொல்லப் பெரியவர்களுக்கு நாக்கு துடிக்கும். தெரியாது என்று சொல்லிவிட்டு, பிள்ளைகளையே ஒரு பேர் வைக்கச் சொல்லலாம். மறுநாள் ஏழாம் அதிகாரம். நாய் அதில் வருகிறதா என்று பார்க்கவாவது எல்லோரும் வந்து உட்காருவார்கள்.