மகள் போட்ட கிறிஸ்துமஸ் பட்டியல்

காலேஜ் ஹாஸ்டலிலிருந்து என் மகள் கிறிஸ்துமஸ் பரிசுப் பட்டியல் எழுதி அனுப்பியிருந்தாள்.

"1. மாடிப்படியே இல்லாத காலேஜ். 2. எட்டு மணிக்கு மேல் உதிக்கும் சூரியன். 3. கொட்டாத தலைமுடி. 4. மெஸ் சமையல்காரருக்கு நீண்ட விடுமுறை. 5. எனக்கு ஒரு டின் அச்சுமுறுக்கு. அறைத் தோழிகளுக்குத் தனி டின்!"

அவள் அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். நானும்தான். ஆனாலும் முதல் மூன்றும் மனசை உறுத்தின. படியேறினால் மூச்சு வாங்குகிறதோ? எவ்வளவு தூங்கினாலும் அசதியோ? முடியும் கொட்டுகிறதே, சோகையாக இருக்குமோ?

லீவுக்கு வந்ததும் ரத்தம் பரிசோதித்தோம். பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமாவது இருக்க வேண்டும், இவளுக்கு 9தான்! டாக்டரம்மா இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். "சாப்பிட்ட கையோடு காபி, டீ குடிக்காதே. எலுமிச்சம்பழம், நெல்லிக்காய் சேர்த்துக்கொள், இரும்புச்சத்து உடம்பில் நன்றாகச் சேரும்" என்றார்.

திரும்பிப் போகும்போது அச்சுமுறுக்கோடு எள்ளுருண்டையும் முருங்கைக்கீரைப் பொடியும் கட்டிக் கொடுத்தேன்.

"அம்மா, இதெல்லாம் பட்டியலிலேயே இல்லையே!"

"முதல் மூணும் இதுதாண்டி!" என்றேன்.

பிள்ளைகள் விளையாட்டாக எழுதினாலும், சிரித்து முடித்த பிறகு இன்னொரு தடவை படித்துப் பாருங்கள், சகோதரிகளே!