‘இன் யூட்டரோ’: ஒரு அல்பத்தைச் சாவிலிருந்து பிரித்தெடுத்தல்

நிர்வானாவை எங்கள் வயதுக்காரர் பலர் முதலில் காண்பது ரீசேட்டில்தான். மஞ்சள் நிறச் சிரித்த முகம், கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு புள்ளடிகள். அதைப் போட்டுக்கொண்டு திரிகிற எல்லாரும் பாட்டுக் கேட்டிருக்க வேணும் எண்டில்லை. ஆனால் ஒரு விஷயம் எல்லாருக்கும் தெரியும்: அந்தப் பாடகர் 27 வயதில் தன் உயிரை மாய்த்துக்கொண்டவர்.

கேர்ட் கோபேன் இறந்தது 1994 ஏப்ரல் 5. குழுவின் கடைசி ஸ்டூடியோ அல்பமான ‘இன் யூட்டரோ’ வெளிவந்தது 1993 செப்டம்பர். இடையில் ஏழு மாதம்கூட இல்லை. அதனால்தான் அந்த அல்பத்தைப் பற்றி எழுதுகிறவர்களும் கதைக்கிறவர்களும் அதைப் பாட்டுத் தொகுப்பாகக் கேட்பதை விட்டுவிட்டு ஒரு மரண வாக்குமூலம் மாதிரி வாசிக்கிறார்கள். ஒவ்வொரு அலறலிலும் ஒரு முன்னறிவிப்பைத் தேடுகிறார்கள். நாங்களும் அப்படித்தான் பழக்கப்பட்டிருந்தோம்.

இந்த அல்பத்துக்கு இரண்டு விரிவாக்கப்பட்ட பதிப்புகள் வந்திருக்கின்றன. ஒன்று 20ஆம் ஆண்டு நிறைவுக்கு, 2013இல். மற்றது 30ஆம் ஆண்டுக்கு, 2023 ஒக்டோபரில். இரண்டாவதன் பெரிய பெட்டியில் எட்டு இசைத்தட்டுகள், மொத்தம் 72 பதிவுகள். அந்தப் பெட்டியை வாங்குகிற வசதி எங்களில் ஒருவருக்கும் இல்லை. ஃபோனில், இயர்ஃபோனில் கேட்டதுதான். ஆனாலும் இரண்டையும் வரிசையாகக் கேட்டு முடித்தபோது, அந்தச் சாவுக் கதை பல இடங்களில் கழன்று விழுந்தது. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் அல்பம் வந்த கதை. 1991இல் வந்த ‘நெவர்மைண்ட்’ யாரும் எதிர்பாராத அளவுக்கு விற்றது. 1992 ஜனவரியில் மைக்கேல் ஜாக்சனின் ‘டேஞ்சரஸ்’ அல்பத்தைத் தள்ளிவிட்டு அமெரிக்கப் பட்டியலில் முதலிடத்துக்கு வந்தது. ஆனால் அதன் ஒலி அளவுக்கு மீறி மினுக்கப்பட்டது எண்டு கோபேனுக்குக் குறை இருந்தது. அடுத்ததை வேறு மாதிரிச் செய்ய நினைத்து, ஸ்டீவ் அல்பினியிடம் போனார்கள். பிக்ஸீஸ் குழுவின் ‘சேர்ஃபர் ரோசா’, பிரீடர்ஸ் குழுவின் ‘பொட்’ ஆகியவற்றைப் பதிவு செய்தவர் அவர். இரண்டுமே கோபேனுக்கு மிகவும் பிடித்தவை.

அல்பினியின் கொள்கை எளிமையானது. குழு எப்படி வாசிக்கிறதோ அதை அப்படியே பிடிக்க வேணும். அறைக்குள் இருக்கிற காற்றும் சேர்ந்து கேட்க வேணும். பதிவு செய்கிறவர் குழாய் திருத்த வருகிறவர் மாதிரி, வேலைக்குக் கூலி வாங்கிக்கொண்டு போக வேணும், அவ்வளவுதான். விற்பனையில் பங்கு வாங்குவது அநியாயம் எண்டு சொல்லி அதை மறுத்தார். ஒரு இலட்சம் டொலர் ஒரே தடவையில் வாங்கினார். ‘நெவர்மைண்ட்’ விற்ற விதத்தைப் பார்த்தால், அவர் வேண்டாம் எண்டு விட்ட காசு எவ்வளவு பெரியது எண்டு விளங்கும்.

1993 பெப்ரவரியில், மினசோட்டாவில் கனன் ஃபோல்ஸ் என்ற சிறிய இடத்துக்குப் பக்கத்தில் இருந்த பக்கிடேர்ம் ஸ்டூடியோவில், பொய்ப் பெயரில் பதிந்துவிட்டுப் போனார்கள். இரண்டு கிழமைக்குள் வேலை முடிந்தது. டேவ் குரோலின் ட்ரம்ஸ் உங்கள் பக்கத்து அறையில் யாரோ தளபாடங்களைத் தூக்கி எறிவது போலக் கேட்கும். கிற்றார் சில இடங்களில் பல்லைக் கூசவைக்கும்.

இதற்குப் பிறகு நடந்ததைப் பற்றி ஒரு கதை உண்டு. ‘கம்பனிக்காரருக்கு இந்தச் சத்தம் பிடிக்கேல்லை, கலைஞனை அமத்தி, ரேடியோவுக்கு ஏற்ற மாதிரிப் பாட்டை மாத்திப்போட்டாங்கள்’ என்பது. பாதி உண்மை. கம்பனிப் பக்கம் அதிருப்தி இருந்ததும், அல்பினி அதைப் பத்திரிகைக்குச் சொன்னதும், பெரிய சண்டையானதும் நடந்தவைதான். ‘ஹார்ட் ஷேப்ட் பொக்ஸ்’, ‘ஒல் அப்போலொஜீஸ்’ ஆகிய இரண்டு பாட்டுகளும் ஸ்கொட் லிட் என்பவரிடம் கொடுக்கப்பட்டு மீண்டும் கலக்கப்பட்டன.

2013 பதிப்பில் அந்த இரண்டு பாட்டுகளும் அல்பினி முதலில் கலந்தபடியே கிடைக்கின்றன. பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்டுப் பாருங்கோ. ‘ஹார்ட் ஷேப்ட் பொக்ஸ்’ நடுவில் வருகிற கிற்றார் தனிவாசிப்பில் ஒரு விநோதமான நடுக்கம் இருக்கிறது. அதைப் பிடிக்காமல் சண்டை பிடித்தது கம்பனி இல்லை, குழுவின் பாஸ் வாசிப்பாளர் கிறிஸ்ட் நோவோசெலிக். மீண்டும் கலக்கும்போது கோபேனும் கூட இருந்து, இணைக்குரலும் ஒரு சாதாரணக் கிற்றாரும் சேர்த்திருக்கிறார். மற்றப் பத்துப் பாட்டுகளும் பெருமளவில் அல்பினி விட்டபடியே நிற்கின்றன. அமத்தப்பட்ட மனிதன் என்ற படத்துக்கு இது அவ்வளவாகப் பொருந்தவில்லை. தன் பாட்டில் எது சரி எது பிழை எண்டு கடைசிவரை யோசித்து, மனம் மாறி, திருத்திக்கொண்டிருந்த ஒருவர்தான் தெரிகிறார்.

இனி எங்களை உலுப்பிய பதிவுக்கு வருவம். ‘ஒல் அப்போலொஜீஸ்’ அல்பத்தின் கடைசிப் பாட்டு. தலைப்பிலேயே மன்னிப்பு. செலோ பின்னால் அழ, அமைதியாக முடிகிற பாட்டு. விடைபெறுதலாக இதைத்தான் எல்லாரும் காட்டுவார்கள். 2013 பதிப்பில் இதே பாட்டின் ஒரு பழைய மாதிரிப் பதிவு இருக்கிறது. பதிந்த நாள் 1991 ஜனவரி 1. ‘நெவர்மைண்ட்’ வெளிவருவதற்கு எட்டு மாதத்துக்கும் மேல் முன்னர். புகழ் இல்லை, காசு இல்லை, உலகத்தில் பெரும்பாலானோருக்கு அந்தப் பெயரே தெரியாது. அதிலே இந்தப் பாட்டு துள்ளலாக, கொஞ்சம் குழந்தைத்தனமாகக்கூட ஒலிக்கிறது.

‘டம்’, ‘பென்னிரோயல் ரீ’ ஆகியவையும் 1990இலேயே எழுதப்பட்டவை. அதாவது மரண சாசனம் எண்டு நாங்கள் வாசித்த அல்பத்தின் மிகச் சோகமான மூன்று பாட்டுகளும், 23 வயதுப் பெடியன் ஒருவர் பெயர் தெரியாத காலத்தில் எழுதினவை. எங்களில் சிலருக்கும் இப்ப அதே வயதுதான்.

‘சென்ட்லெஸ் அப்ரென்டிஸ்’ இன்னொரு சாட்சி. பற்றிக் சூஸ்கின்ட் எழுதிய ‘பெர்ஃபியூம்’ நாவலிலிருந்து பிறந்த பாட்டு. அதன் கிற்றார்த் துண்டு குரோல் கொண்டுவந்தது. ரியோ டி ஜெனெய்ரோவில் 1993 ஜனவரியில் பதிந்த நீண்ட ஒத்திகை வடிவத்தில், மூன்று பேரும் அந்தத் துண்டைச் சுற்றிச் சுற்றித் தடவித் தேடுகிறார்கள். எங்கே போவது எண்டு அவர்களுக்கே தெரியாது. அல்பத்தில் நான்கு நிமிடத்துக்குள் இறுகி வருகிற கோபம், ஒரு கூட்டு வேலையாகத் தொடங்கியது எண்டு அங்கேதான் விளங்குது.

இதையெல்லாம் சொல்லி, கோபேன் வலியில் இருக்கவில்லை எண்டு நாங்கள் நிறுவ வரவில்லை. அவர் வலியில்தான் இருந்தார். போதைப்பொருளும் வயிற்றுநோயும் மனச்சோர்வும் இருந்தன. நாங்கள் சொல்வது, அந்த வலி பாட்டை எழுதவில்லை என்பதுதான். பாட்டை எழுதினது உழைப்பு. வரி மாற்றி, வேகம் மாற்றி, மூன்று வருடம் ஒரு பாட்டைக் கையில் வைத்திருந்து சரியான இடம் வரும்வரை காத்திருந்த உழைப்பு. சாவுதான் ஒரு கலைஞனை உண்மையானவனாக்குகிறது என்ற எண்ணம் எங்கள் வயதில் சுலபமாக ஒட்டிக்கொள்ளும். 27 என்ற எண்ணைச் சுற்றி ஒரு மாயம் கட்டிவைத்திருக்கிறார்கள். அந்த மாயத்துக்கு இந்தப் பதிவுகள் நல்ல மருந்து.

சங்கடமும் இருக்கிறது. அரைகுறை ஒத்திகைகளை வெளியிடச் சொல்லி கோபேனிடம் யாரும் கேட்க முடியாது. பெயர்கூட வைக்காத ஒரு மெட்டுக்கு ‘ஃபொகோட்டன் ரியூன்’ எண்டு பேர் போட்டு 2013 பதிப்பில் சேர்த்திருக்கிறார்கள். மறந்துபோன மெட்டாம். அவர் மறக்கவேண்டும் எண்டு விட்டதாகவும் இருக்கலாமே? பத்து வருடத்துக்கு ஒருமுறை அதே அல்பத்தை இன்னும் பெரிய பெட்டியில் போட்டு விற்பது வியாபாரம் என்பதிலும் சந்தேகமில்லை. விற்பனையில் பங்கு வேண்டாம் எண்டு நின்ற ஒருவர் பதிந்த அல்பத்துக்கு இது பொருத்தமில்லாத உடுப்பு.

ஆனால் 2023 பதிப்பில் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறார்கள். மூல நாடாக்களிலிருந்து ஒலியை மீண்டும் சீர்செய்யும் வேலையை பொப் வெஸ்டனிடம் கொடுத்திருக்கிறார்கள். 1993இல் அல்பினிக்கு உதவியாக அதே ஸ்டூடியோவில் நின்றவர் அவர். அடுத்த மே மாதம், 2024இல், அல்பினியும் 61 வயதில் மாரடைப்பால் இறந்துபோனார்.

அதே பதிப்பில் 1993 டிசம்பர் 30 லொஸ் ஏஞ்சலஸ், 1994 ஜனவரி 7 சியாட்டில் ஆகிய இரண்டு கச்சேரிகளும் முழுதாக இருக்கின்றன. முதல் தடவை கேட்கும்போது நாங்கள் மனதுக்குள் நாள் எண்ணினோம்: இன்னும் மூன்று மாதம்தான், இன்னும் மூன்று மாதம்தான். இரண்டாம் தடவை எண்ண மறந்துபோனோம். ட்ரம்ஸ் விழுகிறது, செலோ இழுக்கிறது, சனம் கத்துகிறது, ஒரு குரல் கிழிந்து கிழிந்து மேலே ஏறுகிறது. நாளைக்கும் கச்சேரி இருக்கிற ஒரு குழு வாசிக்கிறது.

நேரமில்லாதவர்கள் எட்டுத் தட்டும் கேட்கத் தேவையில்லை. 1991இன் ‘ஒல் அப்போலொஜீஸ்’ பதிவை முதலில் கேளுங்கோ. பிறகு அல்பத்தை, சத்தத்தைக் குறைக்காமல், தொடக்கத்திலிருந்து.